மூளைக்கட்டி ஆபரேஷனில் ஒளிரும் மருந்து: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஷேடு மேட்சிங் பார்ப்பது என் வேலை. 19 வருஷமாக நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். அதனாலேயே, "ஒரு மருந்தைக் குடிக்க வைத்து, நீல வெளிச்சத்தில் கட்டியைச் சிவப்பாகத் தெரிய வைத்து எடுப்போம்" என்று டாக்டர் சொன்னபோது, இதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் பாதியைக் கேட்காமல் போனதற்கு அந்த நினைப்புதான் காரணம். என் மனைவிக்கு அந்த ஆபரேஷன் நடந்து பத்து மாதம் ஆகிவிட்டது. கூட இருந்து கேட்டுச் சொல்ல அன்றைக்கு எனக்கு ஆள் இல்லை. பையனை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு நான் ஒருவனாகத்தான் ஓடினேன். இனி ஓடப்போகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயங்களை உங்கள் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் மனைவிக்கு வயது 41. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறை வெட்டி, கறை இருந்தால் ஒதுக்கி வைக்கிற வேலை. இடது கையில் பிடித்த பீஸ் அடிக்கடி நழுவுகிறது என்று முதலில் அவள்தான் சொன்னாள். கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டை, மாத்திரை, பிசியோ என்று 7 வாரமும் 14,000 ரூபாயும் போயின. அதற்குள் காலையில் எழுந்ததும் தலைவலி, சில நாள் வாந்தி. அதைப் பித்தம் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது கை வெட்டி இழுத்து வலிப்பு வந்த பிறகுதான் தலைக்கு ஸ்கேன் எடுத்தோம். வலது பக்கம், கையை அசைக்க வைக்கிற பகுதிக்குச் சற்று முன்னால், ஓரம் மட்டும் வெளுத்த வளையமாக ஒரு கட்டி. ஒரு கை வாரத்துக்கு வாரம் பலம் குறைந்துகொண்டே போய், கூடவே விடிகாலைத் தலைவலியும் இருந்தால், "தலைக்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அந்த 7 வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

கோவையில் இரண்டு மருத்துவமனைகளில் காட்டினோம். முதல் டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். ஃபைவ்-ஏஎல்ஏ என்பது மருந்தின் சுருக்கப் பெயர். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உடம்பில் எல்லா செல்லுமே இதை வைத்து ரத்தத்துக்குத் தேவையான ஒரு பொருளைத் தயாரிக்கும். ஆனால் இந்த வகைக் கட்டியின் செல்கள் பாதி வழியில் ஒரு பொருளைத் தேக்கி வைத்துக்கொள்ளும். 400 நானோமீட்டர் அளவிலான நீல ஊதா வெளிச்சம் பட்டால் தேங்கிய பொருள் சிவப்பாக ஒளிரும். கட்டியின் நடுப்பகுதி நல்ல சிவப்பு, ஓரம் ரோஸ், நல்ல மூளை நீலமாகவே நிற்கும். சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் கட்டியின் ஓரமும் மூளையும் ஏறக்குறைய ஒரே நிறமாகத்தான் இருக்குமாம். எங்கே வெட்டி நிறுத்துவது என்பதுதான் அங்கே பெரிய சிக்கல்.

எனக்கு உடனே எங்கள் லேபில் இருக்கிற லைட் பாக்ஸ்தான் ஞாபகம் வந்தது. வெள்ளைத் துணியில் ஒயிட்னர் போட்டிருக்கிறதா என்று பார்க்க யுவி ட்யூபைப் போடுவோம். போட்ட துணி நீலமாகப் பளிச்சிடும், போடாதது மங்கிக் கிடக்கும். அதேதான் என்று தலையாட்டினேன். ஆனால் லேபில் துணியை மேசையில் விரித்து வைத்துத்தான் பார்க்கிறோம். மடிப்புக்குள் இருப்பது யுவியில் தெரியாது என்பது எனக்குத் தெரியும், அங்கே அது தோன்றவில்லை. மூளையிலும் அப்படித்தான். வெளிச்சம் நேராகப் படுகிற மேற்பரப்பு மட்டும்தான் ஒளிரும். மேலே ரத்தம் படர்ந்திருந்தாலும், மடிப்புக்குக் கீழே கட்டி ஒளிந்திருந்தாலும் காட்டாது. கட்டியின் செல்கள் நாலைந்தாக நல்ல மூளைக்குள் சிதறிப் போயிருந்தாலும் காட்டாது. மெதுவாக வளர்கிற சில வகைக் கட்டிகள் ஒளிராமலே கூட இருந்துவிடும்.

இரண்டாவது மருத்துவமனையில் வேறு மருந்தைச் சொன்னார்கள். ஃப்ளோரசின், மஞ்சள் சாயம். கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையைப் படமெடுக்க ஊசியில் போடுவார்களே, அதே மருந்துதான். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கிற தடுப்பு கட்டி உள்ள இடத்தில் உடைந்திருக்கும். அந்த ஓட்டை வழியாகச் சாயம் கசிந்து அங்கே மஞ்சளாகத் தெரியும். இது புதுசும் இல்லை. 1948-லேயே அமெரிக்காவில் ஜார்ஜ் மூர் என்ற மருத்துவர் மூளை அறுவை சிகிச்சையில் பயன்படுத்தியதை எழுதியிருக்கிறார். விலை மிகவும் குறைவு. ஆனால் சாயம் கசிந்த இடத்தைத்தான் காட்டும், கட்டி செல்லையே காட்டுவது இல்லை என்பது இதில் உள்ள குறை. போட்ட பிறகு ஒரு நாள் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும், தோலும் லேசாக மஞ்சள் தட்டும். அது தெரியாமல் காமாலை என்று பயந்துபோன ஒரு குடும்பத்தை வார்டிலேயே பார்த்தேன். அபூர்வமாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் வரலாம்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் செய்த தப்பு வேறு: விலை அதிகமாக இருக்கிற ஃபைவ்-ஏஎல்ஏதான் நல்லது என்று முடிவு செய்தேன். நீங்கள் மருந்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால், "உங்கள் மைக்ராஸ்கோப்பில் எந்த ஃபில்டர் இருக்கிறது? அதை வைத்து எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஃபைவ்-ஏஎல்ஏவுக்கு நீல வெளிச்ச ஃபில்டர், ஃப்ளோரசினுக்கு மஞ்சள் ஃபில்டர். ஒன்றுக்குப் போடுவது மற்றதற்கு உதவாது. லைட் பாக்ஸில் தப்பான ட்யூபைப் போட்டுவிட்டு ஷேடு சரியில்லை என்று சொல்கிற கதையாகிவிடும்.

இனி பணம். எனக்குச் சம்பளம் 34,000. மாதச் சம்பளம் 21,000-க்கு மேல் போனதால் ஈஎஸ்ஐ கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கூட்டம் நாங்கள். கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் 3 லட்சம் இருந்தது. மொத்த பில் 5,84,000. இன்ஷூரன்ஸ் கொடுத்தது 2,31,000. மீதிக்கு அவளுடைய 7 பவுனை அடகு வைத்தேன், நடந்துகொண்டிருந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். சீட்டில் மட்டும் 90,000 ரூபாய் தள்ளு.

3 லட்சம் இருந்தும் ஏன் முழுசாகக் கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு 3,000 வரைதான். அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று 4,500 ரூபாய் அறை எடுத்தேன். கூடுதலான 1,500-ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அறை எந்த விகிதத்தில் கூடியதோ அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். அடுத்தது அந்த மருந்து. முன் அனுமதிக்கு அனுப்பிய கடிதத்தில் அதன் பெயரே இல்லை. "சிகிச்சைக்கான மருந்து இல்லை, அடையாளம் காட்டுகிற பொருள்" என்று சொல்லி மறுத்தார்கள். அதனால், அட்மிஷனுக்கு முன்பே மருந்தின் பெயர், அளவு, ஏன் தேவை என்ற மூன்றையும் டாக்டரின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி, முன் அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போதும் மறுக்கலாம். ஆனால் முதலிலேயே தெரிந்தால், கேட்டு வாதாடவாவது நேரம் இருக்கும்.

எடை விஷயத்தில் நான் ஏமாந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மருந்தின் அளவு ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம். ஒரு குப்பியில் 1.5 கிராம் இருக்கும். கணக்குப் போட்டால் 75 கிலோ வரை ஒரு குப்பி, அதற்கு மேல் இரண்டு. முதல்முறை டாக்டரைப் பார்த்தபோது அவள் 74 கிலோ. ஒரு குப்பிக்குப் பணம் கட்டினேன். அதன் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். மூளை வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை பசியைக் கிளப்பிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பழைய சோறு கேட்பாள், நானும் பாவமே என்று போட்டுக் கொடுப்பேன். மூன்று வாரம் கழித்து அட்மிஷனில் எடை பார்த்தால் 79. அதாவது 1,580 மில்லிகிராம். வெறும் 80 மில்லிகிராமுக்காக இன்னொரு முழுக் குப்பி! அது மருந்துக்கடையில் இருப்பில் இல்லை, வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் மூன்று நாள் தள்ளிப்போனது. மூன்று நாள் அறை வாடகை, மூன்று நாள் அவள் முகத்தில் பயம். தேதி குறித்ததுமே எடை பாருங்கள், அட்மிஷனுக்கு இரண்டு நாள் முன்னால் மறுபடியும் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையையும் ஏற்றும் என்பதால் அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளைப் பற்றி இன்னொன்று. டாக்ஸிசைக்ளின் வகை, சல்ஃபா வகை, சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக் கூடியவை. ஃபைவ்-ஏஎல்ஏவுக்கும் அதே குணம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் அபாயம் கூடும். நீர்க்கடுப்புக்கு அவள் ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. மயக்க மருந்து டாக்டர் துருவித் துருவிக் கேட்டதால்தான் தப்பித்தோம். சளி மாத்திரையோ நாட்டு மருந்தோ, வீட்டில் இருப்பது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கல்லீரல் கோளாறு இருந்தாலும், போர்ஃபைரியா என்ற அபூர்வ நோய் குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் அன்று எங்களுடையது இரண்டாவது கேஸ். மயக்க மருந்துக்கு இரண்டிலிருந்து நாலு மணி நேரம் முன்னால் குடிக்க வேண்டும். காலை 9.30-க்கு சிஸ்டர் ஒரு சின்னக் கப்பில் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொன்ன வாயால் இதைக் குடிக்கச் சொல்கிறார்களே என்று அவளுக்குக் குழப்பம். குடித்துவிட்டு, "புளித்த மோர்ல தண்ணி ஊத்துன மாதிரி இருக்குங்க" என்றாள். 12.30-க்கு உள்ளே எடுக்க வேண்டியவளை எடுக்கவில்லை. முதல் கேஸ் இழுத்துக்கொண்டே போனது. மணி ஒன்றாயிற்று, ஒன்றரையாயிற்று. எங்கள் தொழிலில் சாயம் கலக்கி வைத்துவிட்டு நேரம் தவறினால் அந்த லாட்டே போச்சு. இரண்டு குப்பி மருந்தும் வீணாகப் போகிறது என்று தியேட்டர் வாசலில் நின்று அட்டெண்டர் அண்ணனிடம் சத்தம் போட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போவதால் ஒன்றும் கெட்டுவிடாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும்போதுதான் ஒளிர்வு உச்சத்துக்கு வரும். 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால்தான் வேறு நாளைக்கு மாற்ற வேண்டும். இதை யாராவது முந்தின நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மனிதரிடம் கத்தியிருக்க மாட்டேன். மறுநாள் டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

ராத்திரி எட்டரைக்கு டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது, கை கால் அசைக்கிறாள் என்றார். கும்பிட்டேன். அதற்கடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் புரட்டிப் போட்டது. "பின்பக்க ஓரத்துல இன்னும் கொஞ்சம் சிவப்பு தெரிஞ்சுது சார். ஆனா கை சிக்னல் இறங்க ஆரம்பிச்சுது. அதனால நிறுத்திட்டேன்." எனக்கு ஆத்திரம் பொங்கியது. தெரிகிறதை எடுக்கத்தானே அவ்வளவு பணம் கட்டினேன்? தெரிந்தும் ஏன் விட்டீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு அது கட்டின்னு காட்டுச்சு சார். அதை எடுத்தா கை என்ன ஆகும்னு அந்தக் கலர் சொல்லாது" என்றார். ஆபரேஷன் நடக்கும்போது கை, கால் தசைகளில் சின்ன ஊசிகளைச் செருகி, மூளையிலிருந்து சிக்னல் போகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அந்த சிக்னல் விழுந்தால், எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் வெட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

அன்றைக்கு இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. இந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டியது ஆபரேஷனுக்கு முன்னால். நான் கேட்கவில்லை, அவரும் இதைப் பிரித்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன், "எந்தப் பக்கத்தில் விட வேண்டி வரலாம்? விட்டால் என்ன, எடுத்தால் என்ன?" என்று கேளுங்கள். நோயாளி நினைவோடு இருந்தால் அவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். அவளைக் கேட்டிருந்தால் கையைத்தான் காப்பாற்றச் சொல்லியிருப்பாள் என்று இப்போது தெரிகிறது. என் ஆத்திரம் என் பணத்துக்காகத்தான் வந்தது என்பதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வாரம் ஆனது.

நர்சிங் படிக்கிற அக்கா மகள் பிறகு எனக்கு ஒரு ஆய்வை எடுத்து விளக்கினாள். ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மர் என்ற டாக்டரின் குழு செய்து 2006-ல் வெளியிட்டது. சாதாரண வெளிச்சத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் ஸ்கேனில் தெரிகிற கட்டி முழுசாக எடுபட்டது. இந்த மருந்தைக் குடித்தவர்களில் 65 சதவீதம். ஆறு மாதம் வரை கட்டி மறுபடி வளராமல் இருந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 41 ஆனார்கள். ஆனால் மொத்த ஆயுளில் அந்த ஆய்வு தெளிவான வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2017-லும் அனுமதி கிடைத்தது. 65 என்ற எண்ணை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். அந்த மருந்தைக் குடித்தும் நூற்றில் 35 பேருக்கு மிச்சம் இருந்திருக்கிறது. முன்பே இது தெரிந்திருந்தால், நூற்றுக்கு நூறு என்ற எதிர்பார்ப்போடு தியேட்டர் வாசலில் நின்றிருக்க மாட்டேன்.

மறுநாள் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து குடித்தவர் குறைந்தது 24 மணி நேரம் வெயிலிலும் பளீர் வெளிச்சத்திலும் படக் கூடாது. அமெரிக்காவில் 48 மணி நேரம் என்கிறார்கள். ஐசியூ சிஸ்டருக்கு இது தெரிந்திருந்தது, திரையை இழுத்து விட்டிருந்தார். ஆனால் காலை ஷிப்ட் மாறியது. கட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஆபரேஷன் முடிந்து மூன்று நாளுக்குள் ஒரு எம்ஆர்ஐ எடுப்பார்கள். அதற்கு எட்டரை மணிக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் அறை அடுத்த கட்டடத்தில், நடுவில் திறந்த வழி. ஸ்கேன் கதவு திறக்கவில்லை என்று கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் மூளை வேலை செய்யவில்லை. சாயங்காலத்துக்குள் வலது கன்னமும் முன்கையும் சிவந்து எரிந்தன. ஐந்து நாளில் சரியாகிவிட்டது, அந்த மட்டில் தப்பித்தோம். கட்டிலின் தலைமாட்டில் "வெளிச்சம் படக் கூடாது, இத்தனை மணி வரை" என்று பெரிய எழுத்தில் ஒரு தாளை ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டாவிட்டால் நீங்களே ஒட்டுங்கள். ஒரு கெட்டியான போர்வை கையில் இருக்கட்டும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் செல்போன் டார்ச்சை அடித்துத் தையலைப் பார்ப்பதையும் தடுங்கள்.

பயாப்சியில் கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளர்கிற மூளைப் புற்றுநோய், நாலாம் நிலை என்று வந்தது. அன்றைய நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆறு வாரத்தில் 30 நாள் கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை, அப்புறம் மாதத்தில் ஐந்து நாள் அதே மாத்திரை. எடுத்த கட்டியை மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கலாம், அல்லது பத்திரமாக வைக்கச் சொல்லலாம். கட்டியின் மரபணுத் தன்மையைப் பார்க்கிற எம்ஜிஎம்டி, ஐடிஎச் பரிசோதனைகளுக்கும் வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் அதுதான் தேவைப்படும். இதைக் கேட்கத் தெரியாமல் நான் 11 நாள் அலைந்தேன்.

இப்போது இடது கையில் டம்ளரைப் பிடிக்கிறாள். சட்டைப் பட்டன் மட்டும் போட வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அடுத்தது வரும் செவ்வாய்க்கிழமை.

ஆபரேஷன் வீடியோவைக் கேட்டால் கொடுப்பார்கள் என்று ஒருவர் சொல்லி, எழுதிக் கொடுத்துப் பென்டிரைவில் வாங்கி வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாமல் நான் மட்டும் இரண்டு முறை பார்த்தேன். போன வாரம் கண்டுபிடித்துவிட்டாள். பார்க்க மாட்டேன் என்றாள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன ஷேடுங்க அது?" என்று கேட்டாள். 19 வருஷம் ஷேடு சொல்லிப் பழகியவனுக்கு உடனே வாயில் வரவில்லை. யோசித்துவிட்டு, "பீட்ரூட் வெட்டுன கையை நீலத் தண்ணியில முக்குனா எப்படி இருக்கும், அப்படி அம்மணி. ஓரத்துல வெளிர் ரோஸ்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் செக்கிங் மேசையில் சொல்கிற அதே குரலில், "அந்த லாட்டு நமக்கு வேண்டாமுங்க, ரிஜெக்ட்ல போடுங்க" என்றாள்.